நல்லபடியாகப் பதில் போட வேண்டியவை

லிஃப்ட் ஒன்று ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்துவிட்டது. கூட இருப்பவர் மூச்சு முட்டுகிறது என்கிறார். நீங்கள் தடவித் தடவி மணிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். சுவரிலுள்ள பொடி ஓட்டைகளிலிருந்து ஒரு பெண் குரல் வருகிறது. "பேசுங்க, கேட்டுட்டிருக்கேன். உள்ளே எத்தனை பேர்?" அவ்வளவுதான், உங்களுக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிடும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை ஆபீஸில் லிஃப்ட் அக்கா என்பார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் வேலை. ஜன்னல் இல்லாத அறை, கைப்பிடி உடைந்த சுழல் நாற்காலி, நான்கு திரைகள், ஒரே நேரத்தில் அலறும் மூன்று போன்கள். மற்றவர்களுக்கு அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் தலை வலிக்கும். அக்காவுக்கு அங்கேதான் தலை தெளியும். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு தம்பதி உள்ளேயே சண்டை பிடிக்க, அக்கா இங்கிருந்தே பேசிப் பேசிச் சமாதானம் செய்துவைத்து, மெக்கானிக் கதவைத் திறந்தபோது "இன்னும் பத்து நிமிஷம் குடுங்க" என்று அவர்களே கேட்டதாக ஒரு கதை உண்டு. அதில் பாதி பொய்யாக இருக்கும். மீதிப் பாதியே அவள் பெருமைக்குப் போதும்.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மெயிலுக்குப் பதில் போட வராது.

அவள் இன்பாக்ஸில் படிக்காத மெயில்கள் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். ஆபீஸ் மெயிலின் பாஸ்வேர்டை மறந்து வருஷக்கணக்காகிறது. புதிது கேட்டு ஒரு மெயில் எழுத வேண்டும். அதை எழுதவில்லை என்பதால் ஆபீஸ் சமாசாரமும் சொந்த விலாசத்துக்கே வந்து குவியும். படிக்காதவை என்று சொன்னேனே, அதுவும் முழு உண்மை இல்லை. ஒரு மெயிலைப் படித்ததும் அதை மறுபடி 'படிக்காதது' ஆக்கி வைப்பாள். அப்போதுதான் ஞாபகம் இருக்குமாம். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, எது நிஜமாகவே படிக்காதது, எது படித்துவிட்டுப் படிக்காத மாதிரி நடிப்பது என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு, மறக்கக்கூடாததையெல்லாம் தனக்குத் தானே மெயில் அனுப்பிக்கொள்வாள். அவளுக்கு அதிகமாக மெயில் போட்டுத் தொந்தரவு செய்கிற ஆள் யார் என்று தேடிப் பார்த்தால், அவளேதான். 'பால்' என்று ஒரு மெயில். 'அதை மறந்துடாதே' என்று இன்னொன்று. எதை என்று அதில் இருக்காது.

இதில் ஒரு வினோதமான நியாயமும் உண்டு. முன்பின் தெரியாதவர்களுக்கு உடனுக்குடன் பதில் போய்விடும். மெத்தைக் கம்பெனிக்காரன் 'எங்கள் மெத்தையில் தூக்கம் எப்படி?' என்று கேட்டால், இரண்டே நிமிஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, தலையணையைப் பற்றி இலவசமாக ஒரு யோசனையும் சொல்லி அனுப்புவாள். கூடப் படித்த உயிர்த்தோழி, மகன் பிறந்திருப்பதாகப் படம் அனுப்பினால் அதற்கு அப்படியா பதில் போடுவது? நிதானமாக, மனசு விட்டு, நாலு வார்த்தை அழகாக எழுத வேண்டாமா? இன்றைக்குக் களைப்பு, ஞாயிற்றுக்கிழமை எழுதலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். ஆகவே அக்காவிடமிருந்து உங்களுக்குச் சட்டென்று பதில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம்.

போன வருஷம் ஒரு மனநல மருத்துவர் இதற்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு, என்று பெயர் சொன்னார். அவரைப் பார்க்கக் குறித்த தேதியை அக்கா இரண்டு தடவை மறந்தாள். மூன்றாம் தடவை ஒரு நாள் முன்னதாகவே போய் நின்று மன்னிப்புக் கேட்டாள்.

"முதல் தடவையே சரியா வர்றவங்க மேலதான்மா எனக்கு சந்தேகம் வரும்," என்றார் மருத்துவர். "உங்களுக்குக் கவனம் இல்லாம இல்ல. நிறையவே இருக்கு, கடிவாளம்தான் இல்ல. வீடு பத்தி எரியறப்போ உங்களை மாதிரி ஆள் கிடைக்காது. எரியாதப்போதான் கஷ்டம்."

நாற்பது வயது வரை 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவள்', 'மனசு வைத்தால் முடியாதா' என்று கேட்டே வளர்ந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் குடையை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. மருத்துவர் கொடுத்த மாத்திரை ஓரளவு உதவியது. சாவி தொலைவது குறைந்தது, அடுப்பில் வைத்தது கரிவது குறைந்தது. நாற்பத்தோராயிரம் மெயிலுக்கு மட்டும் மாத்திரை இல்லை.

அவள் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். வரைபடக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பென்சில்களை உயர வரிசையில் அடுக்குகிறவர். ஐந்து மணிக்குக் கெடு என்றால் காலை எட்டரைக்கே முடித்துவிட்டு, மற்றவர்கள் ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று மீதி நேரம் கவலைப்படுகிற ரகம். இவருக்கும் அவளுக்கும் எப்படி இத்தனை வருஷம் ஒத்துப்போனது என்று கேட்பவர்கள் உண்டு. அவர் எதையும் தொலைக்க மாட்டார், அவளோடு இருந்தால் யாருக்கும் சலிக்காது. கணக்கு நேராகிவிட்டது.

வரைபடக்காரரிடம் ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் அதன் பூர்வோத்திரத்திலிருந்து ஆரம்பிப்பார். பல்வலி என்று சொல்ல வந்தால், அந்தப் பல் முளைத்த காலத்திலிருந்து வருவார். அவர் விஷயத்துக்கு வருவதற்குள் அக்காவின் மனசு ஜன்னல் வழியாக வெளியேறி மூன்று தெரு சுற்றிவிட்டு வந்திருக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், பாதி பாத்திரம் கழுவியபடி அவளே ஒரு வழி சொன்னாள்.

"முக்கியமான விஷயம்னா மெயில் போட்டுடுங்க. வாயால சொன்னா எனக்கு நிக்க மாட்டேங்குது."

மனுஷர் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு மனைவிக்கு மெயில் போடுகிற கணவரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா, தெரியாது. அக்காவின் போனில் மணிச் சத்தம் கேட்கும். அவள் நிமிர்ந்து, "என்ன, வாயாலயே சொல்லுங்களேன்," என்பாள். அவர் சொல்வார். இப்படியாக அந்தச் சட்டம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அவர் ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்டார். அதுதான் வினை.

தலைப்பு: 'முக்கியம்'. ஏற்கனவே அந்த இன்பாக்ஸில் அந்தத் தலைப்பில் ஆயிரம் மெயில்களாவது இருக்கும், பாதி மெத்தைக்காரன் போட்டது. ஆனால் அக்கா இதைப் பார்த்தாள். பஸ்ஸில் நின்றபடி படித்தாள். ஒரு துறைமுகத்தில் கடல் வரைபடப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. வேறு ஊர், இரண்டு வருஷம், வீடு அவர்களே கொடுப்பார்கள். நீ வர இஷ்டமா? இஷ்டமில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, நானும் போகப்போவதில்லை. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்படிக்கு என்று தன் பெயரை வேறு போட்டிருந்தார்.

அந்த மனுஷர் ஆயுசு பூராவும் அடுத்தவர் வேலிச் சண்டைக்குக் கோடு போட்டுக் கொடுத்தவர். கடலுக்கு வேலி கிடையாது என்று அவர் எப்போதோ ஒரு தடவை சொன்னது மட்டும், என்ன ஆச்சரியமோ, அவளுக்கு அப்படியே நின்றுவிட்டது. அவர் போகத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கோ பயம். இந்த வீட்டில் சாவிக்கு ஓர் ஆணி, கண்ணாடிக்கு ஒரு கிண்ணம், மாத்திரைக்குக் காபி டப்பாவின் தலை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் பழக வருஷங்கள் ஆயின. புது ஊரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொலைக்க வேண்டும். கண்ட்ரோல் ரூமை விட்டால், தான் கெட்டிக்காரி என்று அவளுக்குத் தெரிந்த ஒரே இடமும் போய்விடும். இரண்டையும் சொல்ல வேண்டும், அவர் மனசு நோகாமல் சொல்ல வேண்டும், நன்றாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டா அதற்குப் பதில் போடுவது? 'படிக்காதது' ஆக்கி வைத்தாள்.

அப்புறம் அவள் எழுதாமல் இல்லை. 'அன்புள்ள' என்று ஒரு டிராஃப்ட். 'என்னங்க' என்று ஒன்று. வீட்டுச் சாமான் பட்டியலோடு ஒன்று. 'நாம் முதல்முதலில் கடல் பார்த்தபோது' என்று ஆரம்பித்து, அது எந்த வருஷம் என்று பழைய படங்களில் தேடப்போய், மத்தியானம் முழுக்கப் படம் பார்த்ததில் முடிந்த ஒன்று. ஒன்றுகூட அனுப்பும் அளவுக்கு நன்றாக வரவில்லை.

வரைபடக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"என் மெயில் பார்த்தியா?"

"பார்த்தேங்க. பதில் போடறேன்."

"சரி."

அதோடு அவர் கேட்கவில்லை. கேட்டால் வற்புறுத்துவது போல ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு கௌரவம். கேட்காவிட்டாலும் கண் இருக்கிறதே. அன்றைக்கே, அவர் எதிரிலேயே, செருப்புக் கடைக்காரன் கேட்ட கருத்துக்கு அக்கா கட்டைவிரலால் தடதடவென்று பதில் போட்டதை அவர் பார்த்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வரைபடக்காரரின் தங்கை. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒழுங்கு பிறவியிலேயே வந்தது. இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது. இவளுடைய இன்பாக்ஸ் தினமும் சாயங்காலம் துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாக இருக்கும்.

"ரொம்ப சிம்பிள் அண்ணி. தொட்டா முடிச்சிடணும். முடிக்க முடியாதுன்னா தொடவே கூடாது."

"தொட்டாதானேம்மா முடிக்க முடியுமா முடியாதான்னு தெரியும்?"

நாத்தனார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு மணி நேரத்தில் கலர் கலராக அறைகள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். 'உடனே' சிவப்பு, 'இந்த வாரம்' மஞ்சள், 'பிறகு' பச்சை. அக்காவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே 'மிக உடனே' என்று ஓர் அறை கட்டினாள். அதற்கும் மேலே 'இதை முதலில்' என்று ஒன்று. நிறம் தீர்ந்து போகும்வரை கட்டினாள். கடைசியில், ரோஜா நிறத்தில், 'நல்லபடியாகப் பதில் போட வேண்டியவை' என்று ஓர் அறை. உயிர்த்தோழி, ஓய்வு பெற்றுப் போன பழைய மேனேஜர், கணவர் என்று மனசுக்குப் பிடித்தவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, பத்திரமாக அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். மெத்தைக்காரனுக்கு அந்த அறையில் இடம் கிடைக்கவே கிடைக்காது. கொடுத்து வைத்தவன்.

புதன்கிழமை இன்னொரு இடி. இன்பாக்ஸில் இடம் தீர்ந்தது, திங்கள்கிழமையிலிருந்து எந்த மெயிலும் உள்ளே வராது என்று அறிவிப்பு வந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்றுதான் அக்கா இத்தனை நாள் இருந்தாள். இப்போது வெள்ளமே வந்து 'இனி என்னால் ஏற முடியாது' என்று கையை விரித்துவிட்டது. அவள் வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டாள். காலையிலிருந்து சுத்தம் செய்வது. மூன்று நான்கு மணிக்குள் இன்பாக்ஸ் பளிச்சென்று ஆகிவிடும். பிறகு, பளிச்சென்ற மனசோடு, ஐந்துக்குள் அவருக்குப் பதில். திட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அவள் திட்டங்களில் எப்போதுமே குறை இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வரைபடக்காரரும் லீவு போட்டிருந்தார். "உனக்கு ஒத்தாசையா இருக்கும்," என்றார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அக்கா அதைக் கவனித்தாள். அதற்குள் லேப்டாப் திறந்துவிட்டது.

பழையதிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஆரம்பித்தாள். பழையதில் ஒரு டிக்கெட் இருந்தது. அந்த டிக்கெட்டில் பார்த்த சினிமாவில் கதாநாயகன் வாசித்த கருவி என்னவென்று தேடினாள். அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் யார் யார் என்று தேடினாள். மத்தியானம் ஆனபோது, ஒரு மெயில்கூட அழிந்திருக்கவில்லை. கற்றுக்கொடுப்பவர்கள் மூன்று பேருக்கு விசாரணை அனுப்பியிருந்தாள். அவர்களின் பதில்கள் வந்து சேர்ந்திருந்தன. இன்பாக்ஸ் கூடியிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். பூதமே கிணற்றை வெட்ட உட்கார்ந்தால் என்ன கிளம்பும்? அக்கா லேப்டாப்பின் முன் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் திரையில் இருந்தது. ஆள் அங்கே இல்லை. மணி இரண்டரை.

அப்போது ஆபீஸிலிருந்து போன். ஒரு பல் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆறு பேர், அதில் ஒருவர் பாதி பல் பிடுங்கிய நிலையில் பயந்துபோய்க் கத்துகிறாராம், புதிதாக வந்தவருக்குக் கை ஓடவில்லை. "லைனைக் கொடு," என்று எழுந்தாள் அக்கா. எழுந்தது வேறு ஆள்.

"பேசுங்க, கேட்டுட்டிருக்கேன். கத்தறவர் பேர் வேண்டாம், எந்தப் பல்லுன்னு சொல்லச் சொல்லுங்க. கீழ்ப் பல்லா? சரி. பக்கத்துல இருக்கிறவங்க அவர் கையைப் பிடிச்சுக்கோங்க. காத்து மேல இருந்து வரும், குறையாது. ஆள் கிளம்பியாச்சு, முக்குல திரும்பறார்." நடந்துகொண்டே பேசினாள். காபி டம்ளரை எடுத்து வைத்தாள், நாற்காலியை உள்ளே தள்ளினாள், இன்னொரு கையால் மெக்கானிக்குக்குச் செய்தி போட்டாள். எதுவும் சிந்தவில்லை. கதவு திறந்துவிட்டது என்று கேட்டதும் போனை வைத்துவிட்டு, மறுபடி லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, மறுபடி பழைய ஆளாகி மடியில் கையைப் போட்டாள்.

கதவு நிலையில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் வரைபடக்காரர். ஒரு வார்த்தை பேசாமல் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். அக்காவின் போன் அடித்தது. எடுத்தால், அவர்தான்.

"நான் ஒவ்வொண்ணா படிக்கறேன். லிஃப்டுக்குள்ள இருந்து பேசறாங்கன்னு நினைச்சுக்கோ. நீ பதில் சொல்லு, நான் டைப் அடிக்கறேன்."

"பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எதுக்குங்க போன்?"

"முகத்தைப் பார்த்தா உனக்கு யோசனை வந்துடும். பேசு. ஒரு பல் டாக்டர். சுத்தம் பண்ண வரச் சொல்லி ஆறு மாசமா கூப்பிடறார்."

"வர்ற செவ்வாய்க்கிழமை வர்றேன்னு சொல்லுங்க. அடுத்து."

"அடுத்து, பக்கத்து வீட்டுக்காரர். தண்ணித் தொட்டி சுத்தம் பண்ற பங்கு."

"போன வருஷமே நேர்ல கொடுத்தாச்சு. அழிங்க. அடுத்து."

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை நேரில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஹாலில் ஒருத்தி கூண்டுப் புலி மாதிரி நடந்தபடி போனில் அதிகாரம் பண்ண, உள்ளே ஒருவர் சுவருக்கு அப்பால் தடதடவென்று அடித்து அனுப்புகிறார். மெத்தைக்காரன் வகையறாவைக் கும்பல் கும்பலாக அவர் அழித்தார். "ஒரே ஆள் எண்ணூறு தடவை பொத்தானை அழுத்தியிருக்கான்," என்றார். "விளையாட்டுப் பசங்க, லைனைத் துண்டிங்க," என்றாள் அக்கா. அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்டவை மொத்தமாகப் போயின. அவருக்குச் சிரிப்பு வந்தது. வாடின முகத்தோடு சிரிப்பது போனில் தெரியாது.

"அடுத்தவங்க உன் சிநேகிதி. பையன் பொறந்திருக்கானாம்."

அக்காவின் நடை நின்றது. "அதுக்கு அப்புறமா நல்லபடியா..."

"லிஃப்டுக்குள்ள நாலு வருஷமா நிக்கறாங்க."

ஒரு பெருமூச்சு. "'படத்தைப் பார்த்த அன்னைக்கு நான் சந்தோஷத்துல அழுதுட்டேன்டி. அதை எப்படி எழுதறதுன்னு தெரியாமலே விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், திட்டு.' அவ்வளவுதான். அனுப்பிடுங்க, நான் மாத்தறதுக்குள்ள."

போய்விட்டது. நாலு வருஷம் எழுத முடியாதது, ஒரு மூச்சில்.

பழைய மேனேஜருக்கும் மற்றவர்களுக்கும் அதே சூட்டில் பதில் போனது. ரோஜா நிற அறைக்குள் இன்னும் ஒருவர்தான் பாக்கி. வரைபடக்காரர் அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில், பல் டாக்டருக்கும் தண்ணித் தொட்டிக்கும் படித்த மாதிரியே படித்தார்.

"ஒருத்தர். நில அளவை ஆபீஸ்ல வேலை. வேற ஊர் துறைமுகத்துல கூப்பிடறாங்களாம். கூட வர இஷ்டமான்னு கேக்கறார்."

அக்கா சுவரைப் பார்த்தாள். டிராஃப்டுகள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சில் ஏறி நின்றன. ஆனால் போன் கையில் இருந்தது. போன் கையில் இருந்தால் அவள் வாய் அவளைக் கேட்பதில்லை.

"மாட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு வாரம்."

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமா."

"பயமா இருக்கா?"

"கொஞ்சம்."

"எனக்கும் பயம்தாங்க," என்றாள் அக்கா. "அங்க வந்தா சாவியை எங்க வைக்கறதுன்னே எனக்குத் தெரியாது. இங்க ஒரு ரூம்லயாவது நான் உருப்படி, அங்க அதுவும் இருக்காது. ஆனா வர்றேன். லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் நிக்குது, யாராவது ஒருத்தர் எனக்கு நாற்காலி கொடுப்பாங்க. நீங்க கடலை வரையணும். முதல் நாளே வர்றேன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்குப் போடற பதில் நல்லா இருக்கணும்னு பார்த்தேன், வேற ஒண்ணுமே இல்ல. அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க."

உள்ளே டைப் அடிக்கும் சத்தம் வரவில்லை.

"என்னங்க?"

"காலைல எட்டரைக்கு நான் அவங்களுக்கு எழுதிட்டேன்," என்றார் அவர். "வரலைன்னு."

அக்கா கதவைத் திறந்தாள். மனுஷர் கட்டிலின் ஓரத்தில், மடியில் லேப்டாப்போடு, காதில் போனோடு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நீ வேண்டாம்னு சொல்ல கஷ்டப்படறேன்னு நினைச்சேன். செருப்புக் கடைக்கெல்லாம் போடறே, எனக்குப் போடலையேன்னு... அதான். நீயா சொல்ல வேண்டாம்னு நானே முடிச்சுட்டேன்."

"செருப்புக் கடைக்காரனும் நீங்களும் ஒண்ணாங்க?" என்றாள். அவளுக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கடிகாரம் நாலு இருபது காட்டியதால் இரண்டையும் ஒத்திவைத்தாள். "அந்த ஆபீஸ் நம்பர் கொடுங்க."

"வரலைன்னு எழுத்துல கொடுத்தாச்சு. இனிமே எப்படி..."

"நம்பர்."

மெயிலின் அடியில் இருந்தது. மணி அடித்தது, வெகுநேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். ஆள் சேர்ப்புப் பிரிவு என்று சொன்னாள்.

"காலைல எட்டரைக்கு வரைபட வேலை சம்பந்தமா ஒரு மெயில் வந்திருக்கும்ங்க," என்றாள் அக்கா.

"வந்தது மேடம். எங்கள் பரிசீலனையில் இருக்கிறது. உரிய முறையில் விரைவில் பதில் அனுப்பப்படும்."

வரைபடக்காரர் தலையைத் தொங்கப் போட்டார். அக்கா போடவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அந்த 'விரைவில்' என்ற வார்த்தையை, மேலே எதுவும் கேட்டுவிடாதே என்று கெஞ்சுகிற அந்த அவசரத்தை அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷம் அவளே பேசிய குரல்.

"ஏம்மா," என்றாள், மெதுவாக. "நிஜமாவே பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம், பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்லைங்க. காலைலேர்ந்து... இல்ல, காலைலேர்ந்து இல்ல. கொஞ்ச நாளாவே எதையும் திறக்கல. சேர்ந்து போச்சு. சாரி மேடம். ப்ளீஸ், மேலே யார்கிட்டயும்..."

"ரொம்ப நல்லதா போச்சு," என்றாள் அக்கா. "அதைப் பார்க்காதீங்க. பார்க்காமலே அழிச்சிடுங்க. அவர் வர்றார், நானும் வர்றேன். அதை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, அஞ்சு மணிக்குள்ள மெயில் அவரே போட்டுடுவார். என்னைப் போடச் சொன்னா அடுத்த வருஷம்தான் வரும்."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வரைபடக்காரர் ஏற்கனவே டைப் அடிக்க ஆரம்பித்திருந்தார். அவசரத்தில் ஓர் எழுத்து மாறி விழுந்தது. அந்த மனுஷர் ஆயுசில் முதல் தடவையாகத் திருத்தாமலே அனுப்பினார்.

அக்கா போனை வைக்கவில்லை.

"எவ்வளவும்மா சேர்ந்திருக்கு?"

"வேண்டாம் மேடம். சொல்ல அசிங்கமா இருக்கு."

"சும்மா சொல்லுங்க."

"ஒன்பதாயிரம்."

"ஒன்பதாயிரமா?" என்றாள் லிஃப்ட் அக்கா. "அவ்வளவுதானா?"

தொலைவில், இன்னும் பார்க்காத ஓர் ஊரில், முகம் தெரியாத அந்தப் பெண் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது குரல் உடைந்து அழ ஆரம்பித்தாள். இந்த ஒரு வார்த்தையைத் தன்னிடம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அக்கா நாற்பது வருஷம் காத்திருந்தவள். அவள் கட்டிலில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவசரம் ஒன்றுமில்லை, மெதுவாக அழட்டும் என்று லைனிலேயே இருந்தாள்.